நோவறியாச் சிகிச்சை கண்ட ஹொரேஸ் வெல்ஸ்

முன்னுரை

மக்களுடம்பைப் பற்றும் நோய்கள் பலவற்றுள் பல்நோயைச் சிறியதென்று எண்ணுவார் உளர். ஆயினும், இரவு முழுவதும் கண் துயிலாது கன்னத்தைக் கையால் தாங்கி வீற்றிருந்தார் எவரும் அதனைச் சிறியதென்னார். அந்நோவைப் பொறுத்துக்கொண்டிருப்பினும் இருப்போமேயன்றிப் பல் வைத்தியரின் நாற்காலியிற் சென்று அமரோம் என்று உறுதி பூண்டவர்கள் எந்நாட்டிலும் எக்காலத்திலும் உளர். இவ்வச்சத்தால் சிறு குழியாயிருந்தபொழுதே அடைத்திருக்கத்தக்க பல்லை வேரோடு களையும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுகின்றனர். ஆதலின் பல் வைத்தியத்தில் நோவைத் தீர்ப்பது எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது அச்சத்தைத் தீர்ப்பதும் ஆகும்.

இக்காலத்தில் அதற்கு வழிகள் பல உள. அவற்றிற்கெல்லாம் முதல் வழியைத் திறந்தவர் பேராசிரியருமல்லர், பெரிய மருத்துவருமல்லர். அமெரிக்க நாட்டின் சிற்றூரொன்றிற் பிறந்து, பல் பிடுங்கும் தொழிலாற் பிழைத்துவந்த இளைஞர் ஒருவரே அவர். தாம் கண்ட உண்மையைப் பிறர்க்குக் கொடுக்குமுன் தம் உடம்பின்மீதே அதனைச் சோதித்தார். அதனை விலைக்கு விற்க மனங்கொள்ளார். கற்றோர் நிறைந்த அவையில் நகையாடப்பட்டார். முப்பத்துமூன்றாம் வயதிற் சிறைச்சாலையில் உயிர் துறந்தார். ஹொரேஸ் வெல்ஸ் என்னும் அவரது வரலாற்றை நம் கல்லூரி அன்பர்கட்கு எடுத்துரைப்பது பயனுடைத்தென எண்ணி, யாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

மயக்க மருந்து இல்லாத காலம்

வெல்ஸின் செயலை உள்ளவாறு மதிப்பிடவேண்டுமாயின், அவர்க்கு முன்னிருந்த நிலையை அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அறுவைச் சிகிச்சை என்பது, நோயாளியை வலியார் சிலர் இறுகப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் இயன்ற விரைவில் கத்தியைச் செலுத்துவதாகவே இருந்தது. விரைவே மருத்துவரின் திறமைக்கு அளவுகோல். சாராயத்தையும், அபினியைக் கரைத்த நீரையும் சிறிது பருகக் கொடுப்பர். சாராயம் நோவை நீக்காது. அபினியோ அளவிற் குறையின் பயனின்றிப்போம், மிகின் உயிரைக் கவரும்.

பல் வைத்தியம் அதனினும் தாழ்ந்த நிலையிலிருந்தது. அதற்கென ஒரு கல்லூரி பால்டிமோர் நகரத்தில் ஏற்பட்டது 1840-ஆம் ஆண்டிலேயாம். அதற்கு முன்னர் அத்தொழிலைக் கற்க விரும்பினோர் தொழில் செய்வார் ஒருவரை அடுத்துப் பழகியே கற்றனர். பல்லைச் சுற்றிக் கொக்கியை மாட்டிச் சாவியைத் திருகுவதுபோலத் திருகியெடுக்கும் கருவியொன்று அக்காலத்தில் வழங்கிற்று. பல்லோடு தாடையெலும்பின் சிறு துண்டும் உடைந்து வருதல் அதனால் அரிதன்று. இவற்றையெல்லாம் கேள்வியுற்றோர் பல் வைத்தியருக்கு அஞ்சியதில் வியப்பென்ன?

பிறப்பும் தொழிலும்

ஹொரேஸ் வெல்ஸ் 1815-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 21-ஆம் நாள், வெர்மாண்ட் மாகாணத்திலுள்ள ஹார்ட்போர்டு என்னும் ஊரிற் பிறந்தார். பெற்றோர் நிலபுலங்களுடைய நற்குடியினர். ஆதலின் மைந்தனை நல்ல பள்ளிகளிற் சேர்த்துக் கல்வி பயிற்றுவித்தனர். தம் பத்தொன்பதாம் வயதில், 1834-ஆம் ஆண்டில், அவர் பாஸ்டன் நகரத்திற்குச் சென்று பல் வைத்தியம் பயிலத் தொடங்கினார். ஈராண்டுகட்குப் பின்னர்க் கனெக்டிகட் மாகாணத்தின் தலைநகரில் தம் தொழிலகத்தைத் திறந்தார். அந்நகரத்திற்கும் ஹார்ட்போர்டு என்றே பெயர். அவர் பிறந்த ஊர் வேறு, இது வேறு.

இளைஞர் விரைவிற் பெயர் பெற்றார். அம்மாகாணத்தின் ஆளுநரும் அவரிடம் சிகிச்சை பெற்றனர் என்ப. 1838-ஆம் ஆண்டில் எலிசபெத் வேல்ஸ் என்னும் நங்கையை மணந்தார். அவ்வாண்டிலேயே பற்களைப்பற்றிய சிறு நூலொன்றையும் வெளியிட்டார். பற்கள் கெட்டபின் பிடுங்குவதினும் கெடாமற் காப்பதே சிறந்ததென்பதும், உண்ணும் உணவிற்கும் பற்சிதைவிற்கும் தொடர்புண்டென்பதும் அந்நூலிற் காணப்படும் கருத்துக்கள். மறு ஆண்டில் சார்லஸ் என்னும் ஒரே மைந்தன் பிறந்தான். ஜான் ரிக்ஸ், வில்லியம் மார்ட்டன் முதலியோர் அவரிடம் தொழில் கற்றனர். இவ்விருவரும் பின்னர் இவ்வரலாற்றில் வருவராதலின் அவர்தம் பெயர்களை நினைவிற்கொள்க.

வெல்ஸின் மனம் ஒன்றிலேயே நிலைத்து நிற்பதன்று. நிலக்கரியைச் சலிக்கும் கருவியொன்றைப் புதிதாக இயற்றி உரிமை பெற்றார். பறவைகளை ஆராய்வதில் ஆர்வங் கொண்டிருந்தார். உடல் நலங்குன்றியும் மனஞ் சோர்ந்தும் இடையிடையே தொழிலை நிறுத்திவிடுவார். இளகிய நெஞ்சினராதலின், தம் கையாற் பிறர் படும் நோவு அவரை மிகவும் வருத்திற்று. பல் பிடுங்குவோர்க்கு இந்நெஞ்சம் ஒரு குறையெனச் சிலர் கருதலாம். அக்குறையே அவரை அப்பெரிய கண்டுபிடிப்பிற்கு உய்த்தது.

வாயுவின் முன்வரலாறு

நைட்ரஸ் ஆக்ஸைடு என்பது நிறமற்றதாய், சிறிது இனிய மணமும் சுவையும் உடையதாயுள்ள ஒரு வாயு. ஆங்கில நாட்டு ஜோசப் பிரீஸ்ட்லி 1772-ஆம் ஆண்டில் அதனைக் கண்டறிந்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் ஹம்பிரி டேவி என்னும் இளம் விஞ்ஞானி பிரிஸ்டல் நகரத்தில் அதனைத் தாமே பன்முறை உட்கொண்டு ஆராய்ந்தார். அதனை உட்கொண்டோர் காரணமின்றிச் சிரித்தும் ஆடியும் களித்தமையின், சிரிப்பு வாயு என்னும் பெயர் அதற்கு வாய்ந்தது. டேவிக்கு அப்பொழுது ஞானப்பல் முளைக்கும் நோவு இருந்தது. வாயுவை உட்கொண்டபொழுது அந்நோவு தணிந்ததைக் கண்டார். இரத்தம் மிகுதியாய்ப் பெருகாத அறுவைகளில் இது பயன்படலாமென்று 1800-ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலிற் குறித்தும் வைத்தார்.

என்னே விந்தை! அக்குறிப்பு நாற்பத்துநான்கு ஆண்டுகள் எவராலும் கையாளப்படாது கிடந்தது. அவ்வளவு காலமும் கத்தியின்கீழ் மக்கள் அலறிக்கொண்டேயிருந்தனர். அதே காலத்தில் அவ்வாயு கூத்து மேடைகளிற் சிரிப்பு மூட்டிக்கொண்டிருந்தது.

ஹார்ட்போர்டு நகரத்துக் காட்சி

கார்ட்னர் கோல்ட்டன் என்பார் மருத்துவக் கல்வியை இடையில் நிறுத்தியவர். ஊர் ஊராய்ச் சென்று அவ்வாயுவின் வியப்புக்களைக் காட்டிப் பொருளீட்டி வந்தவர். 1844-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் மாலையில் ஹார்ட்போர்டு நகரத்து மண்டபமொன்றில் அவர் காட்சி நடத்தினார். கட்டணம் 25 சென்டு. வெல்ஸும் அவர் மனைவியாரும் பார்வையாளருள் இருந்தனர்.

மருந்துக் கடையில் வேலை பார்த்துவந்த சாமுவேல் கூலி என்பவர் மேடையேறி வாயுவை உட்கொண்டார். மயக்கத்தில் அங்குமிங்கும் பாய்ந்தோடியபொழுது பலகைகளில் மோதிக் காலிற் காயமுற்றார். தெளிவடைந்து தம் இருக்கைக்கு வந்தபொழுது, காலிலிருந்து இரத்தம் வடிவதைக் கண்டு தாமே வியந்தார். மோதியதும் அறியார், நொந்ததும் அறியார். கூடியிருந்தோர் கூலியின் கோமாளிக் கூத்தைக் கண்டு நகைத்திருந்தனர். வெல்ஸ் ஒருவரே அக்காயத்தைக் கண்டு சிந்தித்தார். காலிற் காயம் உணரப்படாதாயின் பல் பிடுங்கும் நோவு மட்டும் உணரப்படுவதேன் என்னும் வினா அவருள்ளத்தில் அக்கணமே எழுந்தது.

வேறொருவராயின் ஏழை நோயாளி ஒருவனைப் பிடித்து அதனைச் சோதித்திருப்பர். அவ்வாறு செய்ய வெல்ஸ் மனமிசைந்திலர். அவர்க்கு வருத்தந் தந்துகொண்டிருந்த கடைவாய்ப்பல் ஒன்றிருந்தது. மறுநாட் காலை, டிசம்பர் 11-ஆம் நாள், கோல்ட்டனைத் தம் தொழிலகத்திற்கு வருவித்துத் தாமே நாற்காலியில் அமர்ந்தார். கூத்தில் உட்கொள்ளும் அளவு போதாது. உணர்வு முற்றும் அழியும்வரை உட்கொள்ளவேண்டும். மீண்டும் விழிப்பரோ மாட்டாரோ என்பதை அங்கிருந்தார் எவரும் உறுதியாகக் கூறக்கூடவில்லை. கோல்ட்டன் வாயுப்பையை வாயிற் பொருத்தினார். வெல்ஸின் தலை சாய்ந்தது. ரிக்ஸ் குறட்டாற் பல்லைப் பற்றி இழுத்தெடுத்தார். சிறிது நேரத்தில் வெல்ஸ் விழித்தார். ஊசி குத்திய அளவு நோவும் தமக்கு உண்டாகவில்லையென்று மகிழ்ச்சியோடு அறிவித்தார். பல் வைத்தியத்தில் மயக்க வாயு பயன்பட்ட வரலாறு அன்று தொடங்கிற்று. அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தொன்பது.

அம்மோனியம் நைட்ரேட்டு என்னும் உப்பைச் சூடாக்கி அவ்வாயுவை உண்டாக்கும் முறையைக் கோல்ட்டனிடம் கற்றுக்கொண்டு, அடுத்துவந்த சின்னாட்களுக்குள் ஏறக்குறையப் பதினைந்து பேர்க்கு அதனைக் கொடுத்து வெல்ஸ் பல் பிடுங்கினார். பெரும்பாலோர் நோவறிந்திலர். இம்முறைக்கு அரசாங்க உரிமை பெற்றுத் தாம் ஒருவரே ஆண்டு பொருளீட்டுமாறு நண்பர் அவரைத் தூண்டியிருக்கக்கூடும். அதற்கு அவர் இசைந்திலர். மூச்சுக் காற்று எவ்வாறு எல்லார்க்கும் பொதுவோ அவ்வாறே இதுவும் பொதுவாதல் வேண்டுமென்பது அவர்தம் கொள்கை. ஹார்ட்போர்டிலிருந்த ஏனைப் பல் வைத்தியர்கட்கும் மறையாது அதனைக் கற்பித்தார்.

பாஸ்டன் நகரத்து நகைப்பு

நல்ல பொருளைச் சிற்றூரில் வைத்துக்கொண்டிருத்தல் தகாதென்று கருதி, 1845-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வெல்ஸ் பாஸ்டனுக்குச் சென்றார். பழைய மாணவராகிய மார்ட்டனின் துணையால், ஹார்வர்டு மருத்துவப் பேராசிரியரும் புகழ்பெற்ற அறுவை மருத்துவருமாகிய ஜான் காலின்ஸ் வாரன் என்பாரைக் கண்டு, அவர்தம் மாணவர்முன் தம் முறையைக் காட்டுதற்கு இசைவு பெற்றார்.

மாணவர் திரண்டனர். பல்வலியுற்ற ஒருவர் முன்வந்தார். வெல்ஸ் வாயுவைக் கொடுத்துப் பல்லைப் பற்றி இழுத்தார். அந்தோ! நோயாளி கூவிவிட்டார். அவ்வளவே; மண்டபமெங்கும் எள்ளி நகைக்கும் ஒலி எழுந்தது. இது வெறும் ஏமாற்று என்று மாணவர் ஆரவாரித்தனர். வெல்ஸ் தலைகுனிந்து வெளியேறினார். உண்மை யாதெனின், வாயுப்பையைச் சிறிது முன்னரே அகற்றிவிட்டமையின் முழு அளவு உட்செல்லவில்லை. பல் பிடுங்கப்பெற்றவரே, தாம் கூவியது உண்மையாயினும் வழக்கமான நோவு தமக்கு உண்டாகவில்லையென்று பின்னர்க் கூறினார். அதனைக் கேட்க அங்கு எவரும் நின்றிலர்.

இவ்விடத்தில் யாம் சற்றே நின்று ஒன்று கூற விழைகின்றோம். அன்று நகைத்தவர்கள் கல்லாத பாமரரல்லர். நம்மைப்போன்ற கல்லூரி மாணவர்களே. ஒரு கூவலைக் கேட்டு ஓர் உண்மையைப் பொய்யென்று அவர் துணிந்தனர். பதினைந்து பேரிடம் பலித்த முறை ஒருவரிடம் பலியாதுபோயின், அதற்குக் காரணம் யாதென்று வினவுவதன்றோ கல்விக்கு அழகு? அவ்வினாவை அவ்வவையில் ஒருவர் எழுப்பியிருப்பின், மருத்துவ உலகம் ஓராண்டிற்கு மேற்பட்ட காலத்தை இழந்திராது. அவ்வளவு காலம் கத்தியின்கீழ் நொந்தார் எத்துணைப் பேர் நோவறியாது உய்ந்திருப்பர்! வெல்ஸின் வாழ்வும் வேறுவகையாய் முடிந்திருக்கலாம்.

ஈதரும் வழக்கும்

ஹார்ட்போர்டிற்கு மீண்ட வெல்ஸ் நோய்வாய்ப்பட்டார். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில், தம்மிடம் வருவோரை ரிக்ஸிடம் செல்லுமாறு விளம்பரஞ் செய்து தொழிலைத் துறந்தார். பறவைகளின் காட்சி நடத்தினார். நீராடுதற்குரிய கருவியொன்றை அமைத்து உரிமை பெற்றார். இடையிடையே பழைய தொழிலையும் மேற்கொண்டார். ஒன்றிலும் மனம் அமைதியுறவில்லை.

இந்நிலையில் மார்ட்டன், சார்லஸ் ஜாக்ஸன் என்னும் வேதியியலறிஞரிடம் கேட்டறிந்து, ஈதர் என்னும் நீர்மத்தின் ஆவியைப் பயன்படுத்தலாயினர். ஈதர் நைட்ரஸ் ஆக்ஸைடினும் வன்மை மிக்கது; நெடுநேரம் மயக்கத்தை நிலைக்கச் செய்வது. 1846-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள், பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், அதே வாரன் என்பார் ஒருவர் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தெடுக்க, மார்ட்டன் ஈதரைக் கொடுத்தார். நோயாளி அலறவில்லை. அச்செய்தி சில திங்களுக்குள் கடல் கடந்து பரந்தது. மார்ட்டனும் ஜாக்ஸனும் அதற்கு உரிமைச் சாசனம் பெற்றனர்.

அன்று முதற்கொண்டு முதல்வர் யாவர் என்னும் வழக்கு எழுந்தது. வெல்ஸ் தம் பங்கினை நாளிதழில் எழுதி வெளியிட்டார். பாரிஸ் நகரத்திற்குச் சென்று அங்குள்ள அறிஞர்முன் முறையிட்டார். 1847-ஆம் ஆண்டில் தம் கண்டுபிடிப்பின் வரலாற்றைச் சிறு நூலாக்கினார். மார்ட்டனும் ஜாக்ஸனும் தம்முள்ளேயே பகைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர். நடுநிலை நின்று கூறுமிடத்து, ஜார்ஜியா மாகாணத்து மருத்துவர் கிராபோர்டு லாங் என்பார் 1842-ஆம் ஆண்டிலேயே ஈதரைக் கொடுத்து அறுவை செய்தனர். ஆயினும் அதனை 1849-ஆம் ஆண்டு வரை வெளியிட்டிலர். ஆதலின் இவருள் ஒருவர்க்கே முழுப் புகழையும் வழங்குதல் முறையன்று. நோவின்றிப் பல் களையலாமென்பதைத் தம் உடம்பிற் கண்டு, உடனே உலகிற்கு மறையாது கூறியவர் வெல்ஸ் என்பது மட்டும் ஐயத்திற்கு இடமற்றது.

இறுதி நாட்கள்

1847-ஆம் ஆண்டு நவம்பரில், ஸ்காத்லாந்து நாட்டு மருத்துவர் ஜேம்ஸ் சிம்ஸன் குளோரோபாரம் என்னும் மருந்தின் மயக்கும் ஆற்றலை வெளியிட்டார். 1848-ஆம் ஆண்டு ஜனவரியில் வெல்ஸ் மனைவியையும் எட்டாண்டுச் சிறுவனாகிய மைந்தனையும் ஹார்ட்போர்டில் விடுத்து, நியூயார்க்கு நகரத்திற்குத் தனியே சென்று, அம்மருந்தைத் தம்மீதே சோதிக்கத் தொடங்கினார். முன்னர்த் தம்மீது வாயுவைச் சோதித்தபொழுது கோல்ட்டனும் ரிக்ஸும் அருகிருந்தனர். இப்பொழுது அருகில் ஒருவருமிலர். நாடோறும் உட்கொண்ட குளோரோபாரம் அவரை அடிமையாக்கி அறிவைத் திரித்தது.

அவர்தம் முப்பத்துமூன்றாம் பிறந்தநாளன்று, மதிமயங்கிய நிலையில் தெருவிற் புகுந்து பெண்டிர் இருவர்மீது கந்தக அமிலத்தை எறிந்தார். இக்கொடுஞ் செயலை யாம் மறைத்தற்கில்லை. அப்பெண்டிர்க்கு நேர்ந்த தீங்கும் தீங்கேயாம். காவலர் அவரைப் பிடித்துச் சிறையிலிட்டனர். மயக்கந் தெளிந்து தாம் செய்ததை உணர்ந்தபொழுது அவருற்ற நாணமும் துயரமும் அளவிறந்தன. மனைவியார்க்கு உள்ளமுருகும் கடிதமொன்று எழுதிவைத்து, ஜனவரி 24-ஆம் நாள் சிறைக்கூடத்திலேயே தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார். பிறர் நோவை ஆற்றமாட்டாத நெஞ்சம் தன் நோவிற்கு ஆறுதல் காணாதொழிந்தது. அவரை மருத்துவர் கையில் ஒப்படைத்திருத்தல் வேண்டும்; அக்காலம் அவரைச் சிறைக்கோட்டத்திற்குள் அடைத்தது.

இதனினும் இரங்கத்தக்கது ஒன்றுண்டு. அதே ஜனவரித் திங்களிற்றான் பாரிஸ் நகரத்து மருத்துவ சங்கத்தார், நோவின்றி அறுவை செய்யும் முறையை முதலிற் கண்டு நடத்தியவர் வெல்ஸே என்று தீர்மானித்தனர். நீராவிக் கப்பல்கள் கடல் கடக்க இரண்டு வாரம் கொண்ட காலம் அது. அந்நற்செய்தி வந்து சேர்ந்தபொழுது அதனைப் படிக்க அவரில்லை.

பின் வந்த புகழ்

வெல்ஸ் மறைந்தபின் அவ்வாயு ஏறக்குறைய மறக்கப்பட்டது. அதனை மீட்டவர் முதலில் அதனைக் கூத்தாகக் காட்டிய கோல்ட்டனே. 1863-ஆம் ஆண்டில் அவர் கனெக்டிகட் மாகாணத்தில் அதனை மீண்டும் பல் வைத்தியத்திற்குக் கொணர்ந்தார். பின்னர் நியூயார்க்கிற் பல் பிடுங்கும் நிலையமொன்றை நிறுவினார். அவர் காலத்திலேயே ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர் அதனாற் பயன்பெற்றனர். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1864-ஆம் ஆண்டிலும், அமெரிக்க மருத்துவச் சங்கம் 1870-ஆம் ஆண்டிலும் வெல்ஸின் உரிமையை ஒப்புக்கொண்டன. 1875-ஆம் ஆண்டில் ஹார்ட்போர்டு நகரத்துப் புஷ்னல் பூங்காவில் அவர்க்கு வெண்கலச் சிலை நாட்டப்பெற்றது. 1910-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்திலும் அவர்தம் உருவம் நிறுவப்பெற்றது.

வெல்ஸின் வழியில் இக்காலச் சிகிச்சை

வெல்ஸின் முறையில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, அவர் கொடுத்தது பிராணவாயுக் கலப்பற்ற தனி வாயு. அதனால் நோயாளியின் உதடு நீலமாகும். நெடுநேரம் கொடுத்தல் இயலாது. கொடுப்பின் உயிர்க்கு ஊறாம். மற்றொன்று, அளக்குங் கருவியின்மையால் அளவு கைப்பழக்கத்தைப் பொறுத்திருந்தது. பாஸ்டனில் அவர்க்கு நேர்ந்த இடர் இதன் விளைவே. முதற்குறையைத் தீர்க்கும் வழியை 1868-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து மருத்துவர் எட்மண்டு ஆண்ட்ரூஸ் காட்டினார். வாயுவோடு பிராணவாயுவைக் கலந்து கொடுக்கலாமென்பதே அவர்தம் முறை.

இன்று பல் வைத்தியசாலைகளில் அச்சமுடையார்க்கு அவ்விரண்டையும் கலந்தே கொடுக்கின்றனர். மூக்கின்மேற் பொருந்தும் சிறு மூடி வழியாக முதலிற் பிராணவாயு மட்டும் செலுத்தப்படும். பின்னர் நைட்ரஸ் ஆக்ஸைடு சிறிது சிறிதாய்ச் சேர்க்கப்படும். நோயாளியின் முகத்தைப் பார்த்தும் அவரோடு பேசியும் போதிய அளவை அறிவர். பிராணவாயு 30 விழுக்காட்டிற்குக் குறையாதவாறு கருவியே தடுக்கும். நோயாளி உறங்குவதில்லை, கேட்ட வினாவிற்கு விடை கூறுவார், அச்சம் மட்டும் அகன்று உடல் இலேசாகும். நோவை நீக்குதற்கு வேறு மருந்து ஊசி வழியாக ஈற்றிற் செலுத்தப்படும். 1943-ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டிற் கண்டறியப்பட்ட லிக்னோகெய்ன் அவற்றுட் சிறந்தது. ஊசிக்கு அஞ்சுவாரும் வாயுவின் உதவியால் அவ்வூசியைப் பொறுப்பர். சிகிச்சை முடிந்தபின் சில நிமிடம் பிராணவாயுவை உட்கொள்ளின் மயக்கம் முற்றும் நீங்கும். இஃது இம்முறையின் பெருஞ் சிறப்பு. எனினும் எல்லார்க்கும் இது ஏற்றதன்று. சளியால் மூக்கடைத்தோர்க்கு இதனாற் பயனில்லை. கருவுற்ற முதற்றிங்கள்களிலும் இதனைத் தவிர்ப்பர்.

இதனால் அமைதியுறாதவர்க்கு வேறு வழிகளும் உள. சிகிச்சைக்குச் சிறிது முன்னர் விழுங்கும் மாத்திரை ஒன்று. மிடசோலம் என்னும் மருந்தை இரத்தக்குழாய் வழியாகச் சிறிது சிறிதாய்ச் செலுத்துதல் மற்றொன்று. இம்மருந்து பெற்றவர் விழித்திருப்பினும் நடந்தவை பின்னர் அவர் நினைவில் நில்லா. அச்சம் மிக மிகுந்தோர்க்கும் பெரிய சிகிச்சை வேண்டிய சிறார்க்கும் மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுக்கப்படும். வழி வலிதாகுந்தோறும் காவலும் வலிதாதல் வேண்டும். மாத்திரையோ ஊசியோ பெற்றவர் அன்று வண்டி ஓட்டலாகாது. தனியே வீடு செல்லலாகாது. உற்றார் ஒருவர் உடன் வருதல் வேண்டும். இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவையும் நாடியையும் கருவியொன்று ஓயாது காட்டிக்கொண்டிருக்கும். மருந்து கொடுக்கப் பயின்றவர் அருகிலேயே நிற்பர். உண்ட பிற மருந்துகளையும் உடம்பிலுள்ள பிற நோய்களையும் மறையாது வைத்தியரிடம் கூறுதல் நோயாளியின் கடமை.

மருந்தெதுவும் வேண்டாத வழியும் ஒன்றுண்டு. செய்யப்போவதை முன்னர்ச் சொல்லி, கருவியைக் காட்டி, பின்னர்ச் செய்தல் அது. நோவுண்டாயின் நோயாளி கையை உயர்த்தலாமென்றும், உயர்த்தியவுடன் வைத்தியர் நிறுத்துவரென்றும் முன்னரே உடன்பட்டுக்கொள்வர். இச்சிறு உடன்பாட்டினாலேயே அச்சம் நீங்கினவர் பலர். தம் அச்சத்தை வாய்விட்டுக் கூறுவது நாணத்தக்கதன்று என்பதை நோயாளியும், அதனைக் கேட்டு நகையாமை தம் கடன் என்பதை வைத்தியரும் உணர்தல் வேண்டும்.

முடிவுரை

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கன யாவை? பிறர் நோவைத் தன் நோவாக எண்ணிய நெஞ்சமே, கூத்தரங்கில் எல்லாரும் கண்டும் காணாததைக் கண்டது. டேவியின் அறிவு அவ்வாயுவின் ஆற்றலைக் குறித்து வைத்தது. வெல்ஸின் இரக்கமே அதனை நோயாளியிடம் கொணர்ந்தது. கல்வியும் இரக்கமும் கூடியவிடத்தன்றி மருத்துவம் நிறைவுறாது. நலிந்தோர்க்குச் செய்யும் தொண்டு ஆண்டவர்க்கே செய்யும் தொண்டென்று கற்பிக்கும் கல்லூரியிற் பயிலும் நமக்கு இது புதிய பாடமன்று. எனினும் மீண்டும் நினைக்கத்தக்க பாடம்.

மற்றொன்று, அளவும் துணையும் இன்றி நன்மருந்தும் நஞ்சாம் என்பது. அளவு சிறிது குறைந்தமையால் பாஸ்டனில் வெல்ஸின் பெயர் கெட்டது. அளவு மிக்கும் துணையின்றியும் உட்கொண்டமையால் நியூயார்க்கில் அவர்தம் உயிர் கெட்டது. இன்றைய பல் வைத்தியர் மருந்தை அளந்து கொடுப்பதும், நோயாளியைத் தனியே விடாது காப்பதும் அவ்விரு துயரங்களுக்கும் விடையாக அமைந்துள்ளன.

யாவற்றிற்கும் மேலாக, நம்முன் நின்று புதியதொன்றைக் கூறுவார் இடறியவிடத்து நாம் யாது செய்யப்போகின்றோம் என்னும் வினா நம்மை நோக்கி நிற்கின்றது. நமது வகுப்பறைகளிலும் சங்கக் கூட்டங்களிலும் நாக்குத் தடுமாறுவாரும் சோதனை பிழைப்பாரும் நாடோறும் உளர். அவர்களை நகைத்து இருத்துதல் எளிது. எங்குப் பிழைத்தது என்று வினவி, மறுமுறை செய்து காட்டுமாறு கேட்டல் சிறிது கடினம். அவ்வாறு கேட்பார் ஒருவர் பாஸ்டன் மண்டபத்தில் இருந்திலர். நம் கல்லூரி மண்டபத்தில் அத்தகையார் எந்நாளும் இருப்பாராக.